வரைந்த கையே கட்டிய கை: நீலாம்பாள் அம்மையாருக்கு

வெண்ணாறு பாயும் நீடாமங்கலத்தில் விளக்கின் வழியை விளங்கவைத்தவரே, கோடு வரைந்த காகிதத்துக்கும் குழி தோண்டிய களத்துக்கும் இடையே கால் ஓயாமல் நடந்தவரே, முடியாது என்ற சொல்லை முதலாளி முன்னும் மிராசுதார் முன்னும் முகம் கோணாமல் மொழிந்தவரே, எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவரே, நீலாம்பாள் அம்மையாரே! உத்திராபதி மின்பணியகத்தின் ஊழியர் அனைவரும் உவகையோடும், உள்ளத்தின் ஓரத்தில் ஒரு கலக்கத்தோடும் வணங்குகிறோம்.

பாராட்டு மடலில் பாராட்டப்படுபவரை நோக்கி நேரே பேசுவதே வழக்கம். ஆனால் இந்த அம்மையார் தம்மைப் புகழும் இடத்தில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார். ஆகவே அவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவையோர்க்கு அவர் கதையைச் சொல்வதென்று முடிவு செய்தோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

குடவாசலுக்குப் பக்கத்துச் சிற்றூரில், பண்ணையில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் நீலாம்பாள். சிறு வயதிலேயே தாயை இழந்தவரைச் சித்தி தனபாக்கியம் வளர்த்தார். நடவும் களையுமாகக் குனிந்தே கிடந்த அந்தச் சித்தி, இந்தப் பெண் மட்டும் வயலில் இறங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்று படிக்கவைத்தார். புதிய ஆட்சி வந்து, மேடைக்கு மேடை தமிழ் முழங்கி, ஊருக்கு ஊர் மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம். தொழிற்பயிற்சி நிலையத்தில் வரைவாளர் படிப்பில் நீலாம்பாள் சேர்ந்தபோது அந்த வகுப்பில் பெண் என்று இருந்தது அவர் ஒருவரே. படித்து முடித்த கையோடு எங்கள் நிறுவனத்தில் டிரேசராக வேலைக்கு வந்தார். வேறொருவர் போட்ட வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் படியெடுப்பது அவர் வேலை.

அந்நாளில் எங்கள் நிறுவனம் கட்டுவதோடு சரி. மின்வேலைக்கான வரைபடங்கள் சென்னையில் ஓர் அலுவலகத்திலிருந்து தபாலில் வரும். வந்தபடியே கம்பி இழுத்துப் பெட்டி மாட்டிவிட்டு வருவோம். வரைந்தவர் களத்தைப் பார்த்ததில்லை. கட்டியவர் வரைந்தவரைப் பார்த்ததில்லை. உலகமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்ததால் அதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

நாகப்பட்டினம் கடற்கரை ஓரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை வேலை வந்தது. வரைபடத்தில் காட்டிய சுவரிலேயே சுவிட்ச் பெட்டியை மாட்டினார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் ஐஸ் உருகி நாளெல்லாம் நீர் கசியும் என்பது சென்னையில் இருந்தவருக்குத் தெரியாது. கசிவைக் கண்ணால் பார்த்த எங்கள் ஆட்களோ படத்தை மீறத் துணியவில்லை. எங்கள் ஒயர்மேன் ராசு ஒரு காலையில் அந்தப் பெட்டியைத் திறந்தார். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை.

அவர் மனைவி எல்லையம்மாள் கடற்கரையில் மீன் விற்பவர். யார் செய்த பிழை என்று தெரிந்துகொள்ள எங்கள் அலுவலகம் தேடி வந்தார். படத்தில் இருந்தபடி கட்டினோம் என்று இங்கே சொன்னார்கள். இடத்தைப் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்று சென்னைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் கேட்டு முடித்த அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் கேட்டார்:

“அப்ப எங்க வீட்டுக்காரரு கையை யாருதாங்க எடுத்தது?”

மூலை மேசையில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள் மட்டும் எழுந்தார். அன்று எழுந்தவர்தான். அன்று அவருக்குள் ஏறிய பரபரப்பு இன்றுவரை இறங்கவில்லை என்பதை இந்த அவையில் உள்ள எவரும் அறிவர்.

மறுநாளே முதலாளி உத்திராபதியிடம் போய், இனி வரைபடமும் நாமே போட வேண்டும் என்றார். வரைவதும் கட்டுவதும் ஒரே ஒப்பந்தக்காரர் கையில் இருந்தால்தான் கேட்பவர்க்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார் என்று வாதாடினார். உத்திராபதி முதலில் சிரித்தார். பிறகு கோபித்தார். நீலாம்பாள் விடவில்லை. வேலை நடக்கும் இடங்களுக்குச் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போய், சுவரைத் தட்டி, தரையின் ஈரம் பார்த்து, படத்தில் இருப்பது ஒன்றும் இடத்தில் இருப்பது வேறொன்றுமாக இருப்பதை எடுத்துவந்து மேசையில் வைத்தபடி இருந்தார். ஓராண்டு இப்படி அலைக்கழித்த பிறகு உத்திராபதி இசைந்தார். ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவரைக் கையெழுத்துக்கு அமர்த்திக்கொண்டு, வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே இடத்தில் என்று வாசலில் பலகை மாட்டினார்.

அந்தப் பலகையைப் பார்த்து வந்த முதல் பெரிய வேலை, குடவாசல் பக்கத்தில் மிராசுதார் ரெத்தினம் கட்டிய நவீன அரிசி ஆலை. நீலாம்பாள் வரைந்தார். எங்கள் போர்மேன் காயாரோகணம் கட்டினார்.

அப்போது அந்தப் பக்கமெல்லாம் கூலித் தகராறு. சம்பா அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. வரப்பெல்லாம் செங்கொடி. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து, நெல்லை ஆலைக் களத்தில் அம்பாரமாய்க் குவித்திருந்தார். வாய்க்காலின் மறுகரையில் உள்ளூர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தனபாக்கியமும் ஒருவர்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு முற்பகலில் நீலாம்பாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆலைக்குள் நுழைந்தார். களத்தைச் சுற்றிப் புதிதாகக் கம்பி வேலி. வேலி போடுவது மிராசுதார் பாடு என்று கடந்துபோக இருந்தவர், ஒரு கம்பத்தருகே நின்றுவிட்டார். இரும்புக் கம்பத்தில் கம்பி நேராகக் கட்டப்படவில்லை. இடையில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான். அடுத்த கம்பத்திலும் பீங்கான். களத்தைச் சுற்றி எல்லாக் கம்பத்திலும் அதுவே. கம்பியில் ஓடும் மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் தடுக்கத்தான் பீங்கான்; மின்சாரம் ஓடாத கம்பிக்கு அது தேவையில்லை.

“அண்ணே, வேலிக்கு எதுக்குண்ணே பீங்கான்?” என்று காயாரோகணத்திடம் கேட்டார்.

காயாரோகணம் திகைத்தார். நீலாம்பாள் வரைந்து கொடுத்திருப்பதாகவும், படம் பின்னால் வரும் என்றும் மிராசுதார் சொன்னதாகச் சொன்னார். அப்படி ஒரு படமே இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும், நீலாம்பாள் வரைந்திருப்பார் என்று காயாரோகணம் கேட்காமல் கட்டவும், அவர் கட்டுவது நீலாம்பாளுக்குத் தெரியாமல் போகவும் இடமிருந்தது என்பது அந்தக் கணத்தில் இருவருக்கும் உறைத்தது. சென்னைக்காரர்களைக் குறைசொல்ல இனி வாயில்லை.

மிராசுதார் வந்தார். அவர் முரடர் அல்லர். மரியாதையாகவே பேசினார். நெல் போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு மட்டும் மின்சாரம் விடப் போவதாகவும், தண்டோரா போட்டு எச்சரித்துவிடுவதாகவும் சொன்னார். நீலாம்பாள் தலையசைத்து மறுத்தார். சிந்திய நெல்லைப் பொறுக்கப் பிள்ளைகள் வருவார்கள், மாடு வரும், தொட்டவர் எவரானாலும் பிழைக்கமாட்டார், சட்டமும் இடம் தராது என்றார்.

“வரையறதும் நீங்க, கட்டுறதும் நீங்க. அதுக்காகத்தானே உங்ககிட்ட கொடுத்தேன். நடுவுல எவன் வந்து கேக்கப் போறான்?” என்றார் மிராசுதார்.

“அதனாலதாங்க முடியாதுங்கறேன்” என்றார் நீலாம்பாள். “வேற ஒருத்தரு வரைஞ்சிருந்தா அவரு மேல பழியைப் போட்டுட்டு நாங்களும் கட்டிட்டுப் போயிருப்போம்.”

உன் சனத்துக்காகப் பேசுகிறாய் என்று மிராசுதார் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மறுகரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், தங்களைத் தடுக்கப் போட்ட வேலியருகே தங்கள் வீட்டுப் பெண் மிராசுதாரோடு நின்று பேசிக்கொண்டிருப்பது மட்டுமே. தனபாக்கியம் வாய்க்கால் கரைக்கு இறங்கிவந்து கூப்பிட்டார்.

“இவருக்கு வேலி போடத்தான் உன்னைப் படிக்க வச்சேனா நீலா?”

பதில் நீலாம்பாளின் நாக்கு நுனியில் இருந்தது. வேலியில் மின்சாரம் விட இருந்தார்கள் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கூட்டம் வாய்க்காலைத் தாண்டியிருக்கும். மிராசுதாரின் வெளியூர் ஆட்களோடு மோதி அங்கே எத்தனை பேர் விழுந்திருப்பார்களோ தெரியாது. அவர் வாயைக் கட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

பிற்பகலில் உத்திராபதி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முதல் பெரிய வேலை கைநழுவினால் நிறுவனமே நிற்காது என்ற கவலை அவருக்கு. நீலாம்பாளைத் தனியே அழைத்து, வேலியைக் கட்டினபடியே கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம், மின்சாரம் விடுவது அவர் பொறுப்பு என்றார்.

“ஆலையை வரைஞ்சது நாம, வேலியைக் கட்டினது நாம. கரண்டு மட்டும் யாரோடதுங்க?” என்று கேட்டார் நீலாம்பாள்.

உத்திராபதி களத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். திரும்பி வந்து, “கழட்டுங்க காயாரோகணம்” என்றார். தாமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூவருமாகப் பீங்கான்களை எல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டு, மின்சாரம் விட்டாலும் கம்பியில் நிற்காமல் மண்ணில் இறங்கிவிடும்படி கம்பியை இரும்போடு இரும்பாக இறுக்கிக் கட்டினார்கள். மிராசுதார் அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார். உத்திராபதி வீட்டுக்குப் போகாமல் நேரே மின் ஆய்வாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அந்த வேலியைத் தாமே வந்து பார்த்துச் சோதித்த பிறகுதான் ஆய்வாளர் ஆலைக்கு மின்சாரம் தர ஒப்பினார். மீதி வேலையை வேறொருவர் முடித்தார்.

அதன்பின் நெடுங்காலம் எந்தப் பண்ணையும் எங்களைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்து விளக்கும் தையற்கடை விசிறியும் மாட்டி வயிறு வளர்த்தோம். ஆட்கள் சிலர் விலகினார்கள். உத்திராபதி அந்த மழைக்காலம் முழுவதும் நீலாம்பாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் அவரால் சிரிக்க முடியவில்லை. நீலாம்பாளும் ஆறவில்லை. பீங்கானைத் தாம் கவனிக்காமல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அவரை எங்கும் தங்கவிடவில்லை. முடிந்த வேலைகளையும் போய்ப் போய்ப் பார்த்தார். வரைந்தவர் களத்தில் நிற்காமல் எந்த வேலைக்கும் முதல் மின்சாரம் விடக் கூடாது, கட்டுபவர் ஒப்பாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது என்று அவர் அப்போது போட்ட முறையே இன்றும் எங்கள் முறை.

கூலித் தகராறு பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. உள்ளூர்ப் பெண்கள் அதே ஆலைக் களத்தில் நெல் காயவைக்கப் போனார்கள். ஒரு நாள் பஸ் அந்த வழியாகப் போகையில், சித்தி தமது சோற்றுத் தூக்கை அந்த வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, நனைந்த முந்தானையை அதன்மேலேயே உலர்த்திக்கொண்டிருப்பதை நீலாம்பாள் சன்னல் வழியே பார்த்தார். ஆறிய பகையை மறுபடி மூட்ட மனமில்லாமல் இறங்கவில்லை. சித்தி அவருடைய திருமணத்துக்கும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் காயாரோகணம்தான் பொறுக்கமாட்டாமல் போய் நடந்ததைச் சொன்னார். அடுத்த வாரமே தனபாக்கியம் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லியிருந்தால் நீ இருந்திருக்கமாட்டாய் சித்தி என்றார் நீலாம்பாள். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்கள்.

பிறகு வேலைகள் வந்தன. உத்திராபதி மறைந்து அவர் மகன் பொறுப்பேற்றார். அம்மையாருக்கு ஓய்வு வயதும் வந்து போயிற்று. ஆனால் அவர் போகவில்லை. நாங்களும் விடவில்லை. எல்லாரும் தலையாட்டுகிறார்கள், எனக்குப் பயமாயிருக்கிறது என்று அடிக்கடி சொல்வார். வரைவதும் கட்டுவதும் ஒரே இடத்தில் இருக்கையில், மறுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் ஐஸ் தொழிற்சாலையைவிடக் கேடு என்பது அவர் கவலை. நாங்களோ அவர் வரைந்த கோட்டை வேதமாக எண்ணியிருந்தோம்.

சென்ற மாதம் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு மின்உலை அமைக்க அம்மையார் படம் போட்டார். களப்பொறியாளர் மங்களாம்பிகை படத்தோடு போய் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, அதை அம்மையாரின் மேசையிலேயே வைத்தார்.

“மெயின் சுவிட்ச் உலைக்குப் பின்னால இருக்குங்க. உருக்கின உலோகம் கொட்டிச்சுன்னா யாரும் அதுகிட்டப் போக முடியாது. இதை நான் கட்டமாட்டேங்க.”

அம்மையார் முகம் சிவந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்று பகல் முழுவதும் எங்களுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுவாமிமலைக்குப் போய், உலையருகே நின்று பார்த்திருக்கிறார். வந்ததும் தம் கையாலேயே சுவிட்சை வாசற்பக்கச் சுவருக்கு மாற்றி வரைந்தார். பிறகு நிறுவனரின் மகன் அறைக்குப் போய், இனி நான் போகலாம் தம்பி என்றார்.

ஓயாத உழைப்பால் எங்களை உயர்த்திய உத்தமியே! உங்களை ஓய்ந்திருங்கள் என்று வாழ்த்த எங்களுக்கு மனமில்லை. அது உங்களால் ஆகாது என்பதும் அறிவோம். உடல் நலமும் உள்ளத் தெளிவும் நீங்காமல், உற்றார் சூழ, பல்லாண்டு வாழ்வீராக. எங்கள் வேலை நடக்கும் எந்தக் களத்துக்கும் எந்நாளும் சொல்லாமல் வருவீராக. வந்து பிழை கண்டால், மங்களாம்பிகையோடு சண்டையிடுவீராக. அவர் தயாராகவே இருக்கிறார்.

அன்பும் வணக்கமும் கலந்து,
உத்திராபதி மின்பணியகத்தின் வடிவமைப்புப் பிரிவினரும் களப்பணியாளரும்,
நீடாமங்கலம்