பாலிங்கம்மா கண்ணு பட்ட புல்லு

...நாய் மூத்திரமாம்லா! எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சிருக்காரு. நம்ம வரிசையில யாரு வீட்ல நாய் இருக்குன்னு கேட்டா, அப்ப பூனையா இருக்கும்ங்கிறாரு. நீங்க இந்த தாமான் வீட்டுக்கு இப்பதான் குடி வந்திருக்கீங்க ஷாமளா, உங்களுக்குத் தெரியாது. எப்படி இருந்த புல்லு! இப்ப பாருங்க, சொறி புடிச்ச மாரி திட்டுத் திட்டா.

ஒட்டு போடாமயா இருக்கேன்? செத்தத பேத்தெடுத்து, அடிமண்ணக் கெளறி, மணலு கலந்து, லூனாஸ் பக்கம் போயி புது கார்பெட் புல்லு வாங்கியாந்து வச்சு, மிதிச்சு அமுக்கி, காலையும் சாயங்காலமும் தண்ணி, உரம் வேற! ஒரு வாரம் பச்சையா நிக்கும். அப்புறம் மஞ்ச. அப்புறம் வைக்கோலு. வயிறு எரியுதும்மா!

எதனாலன்னு எனக்குத் தெரியும். எங்க நளினிய பொண்ணு கேட்டு வந்தாங்களே பாலிங் ஊர்லேர்ந்து, அன்னிக்கு ஆரம்பிச்சது. பையன் இளங்குமரன் தங்கமான பையன்தான், குலிம்ல ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, பழகுனவங்க. அவங்கம்மா இருக்கே! கெரேத்தா கதவத் தெறந்து எறங்குனதும் பொண்ணப் பாக்கல, புல்லப் பாத்துச்சு. "அய்யோ, எவ்ளோ அழகு, பாய் விரிச்ச மாரி!" அப்படின்னு சத்தமா! அப்படியா சொல்லுவாங்க? எனக்கு அப்பவே திக்குன்னுச்சு.

சும்மா விடுவனா? அவங்க கெரேத்தா முக்கு திரும்புறதுக்குள்ள, கல்லு உப்ப அள்ளிப் புல்லச் சுத்தி வந்து, வாளித் தண்ணியில கரைச்சு ஊத்திட்டேன். அதுலேர்ந்து ஒரு வெள்ளிக்கெழம தவறுனதில்ல. பாக்கெட்டு பாக்கெட்டா உப்பு! இதோ, இன்னிக்கும் கரைச்சு வச்சிருக்கேன். இதுக்கே அடங்கலன்னா எப்பேர்ப்பட்ட கொள்ளிக் கண்ணு! புல்லுக்கே இந்த கதின்னா, எம்பொண்ணு அந்த வீட்ல போயி வாழ்ந்துருமா? அதான் காலையில அந்தம்மாவுக்கு வாட்சப்ல போட்டுட்டேன், இந்த சம்பந்தம் வேணாம்க்கான்னு. நளினி ரூம்ப சாத்திக்கிட்டு அழுவுது. சோறே எறங்கல அதுக்கு. எனக்கு மட்டும் மனசு கேக்குதா? பெத்தவ நாந்தான பாக்கணும்...

என்ன, வாளியவே பாக்குறீங்க? எங்க ஊத்துவனா? நல்லா கேட்டீங்க போங்க! கால் படாத எடத்துலதான ஊத்தணும். எங்க வீட்ல யாரு காலும் படாத எடம் எது? புல்லுதான்! ஒரு ஆள மிதிக்க விடமாட்டேனே. மொத வாரம் அந்தா, மாமரத்துப் பக்கம் ஊத்துனேன். அப்புறம் நடுவுல. போன வாரம் கேட்டுப் பக்கம்...

மாமரத்துப் பக்கம்... வைக்கோலு...

நடுவுல...

அடியாத்தி!

ஷாமளா, சிரிக்காதீங்கலா! வாட்சப்ல போட்டத அழிக்கலாம்ல? இந்தாங்க, பாருங்க... ஐயோ, ரெண்டு கோடும் நீலமாயிருச்சே! படிச்சிருச்சே அந்தம்மா! என்னது, உங்க வீட்டு அடுப்புல கறி இருக்கா? இருங்க, எங்க ஓடுறீங்க... ஷாமளா...

...ஹலோ? சம்பந்தியம்மாவா? நாந்தாங்க உமாராணி பேசுறேன். காலையில எதும் மெசேஜ் வந்துச்சுங்களா...? அதாங்க, அத நம்பாதீங்க. எங்க வீட்டுக்காரரு போட்டது!