மாடி அறைக்குக் கிடைக்காத சிக்னல்

பெரிய வீட்டில் வைஃபை ஒழுங்காகக் கிடைக்க வேண்டுமென்றால் ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. ஒயர் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஒளித்து வைப்பார்கள். பிறகு படுக்கையறையில் சிக்னல் இல்லை என்று புலம்புவார்கள். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்குப் பிடிக்காது. நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன், மேடம்.

திருவானைக்காவலுக்குப் பின்னால், கொள்ளிடக்கரைப் பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில் வீடு கட்டினேன். அக்கம்பக்கத்தில் இன்னும் யாரும் குடிவரவில்லை. மாடியும் கீழுமாக நல்ல பெரிய வீடு, கனமான கான்கிரீட் சுவர். வாசலில் கிடைக்கும் செல்போன் டவர் உள்ளே வந்தால் செத்துவிடும். அதனால் ஒன்றோடொன்று இணையும் வைஃபை பெட்டிகள் வாங்கி, ஹால், சமையலறை, படிக்கட்டுத் திருப்பம், மாடியில் என் மகள் பூரணியின் அறை வாசல் என்று பார்த்துப் பார்த்து மாட்டினேன். மொட்டைமாடித் துணிக்கொடி வரைக்கும் வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடியது. வீட்டுக்குள் போன் பேசுவதும் அந்த வைஃபை வழியாகத்தான்.

"ஏம்பா, காக்கா குருவிக்கும் கனெக்‌ஷன் குடுக்கப் போறீங்களா?" என்று பூரணி சிரித்தாள்.

அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா உயிரோடு இல்லை என்பதால், பெங்களூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை ஸ்ரீநாத். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். காவிரி வெள்ளத்தால் தாய் வரமுடியாமல் போன பெண்ணுக்கு, தானே தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் எங்கள் மலைக்கோட்டைத் தாயுமானவர். மாத்ருபூதம் என்று அவர் பெயரையே வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா?

எனக்கு இருக்கும் ஒரே குறை பயம். மனைவி போனபிறகு, ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்து, பூரணியிடமிருந்து போன் வராத நாட்களில் தூங்காமல் உட்கார்ந்திருப்பேன். இவ்வளவு பெரிய வீடு கட்டியதே, வந்த பெண்ணுக்குத் திரும்பிப் போக மனம் வரக் கூடாது என்றுதான். அவளோ வந்த நாள் முதல் போனும் கையுமாக இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே புருஷனோடு பேச்சு.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு ஆப் உண்டு. எந்தப் போனுக்கு வைஃபை கொடுப்பது, எதற்கு நிறுத்துவது என்று அதில் ஒரு விரலால் முடிவு செய்யலாம். பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகக் கொடுத்திருக்கும் வசதி. முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவள் போனை நிறுத்தினேன். பிறகு சாயங்காலமும். அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்புவேன். அந்த நேரங்களில் நாங்கள் இருவரும் நிறையப் பேசினோம்.

ஒருநாள் மாப்பிள்ளை என் போனுக்குக் கூப்பிட்டார். "மாமா, அவ லைனே கிடைக்க மாட்டேங்குது. டாக்டர் வேற பிபி ஏறுதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"சுவர் கனம் மாப்ள, அவ்வளவுதான். நான் இருக்கேன்ல," என்றேன்.

அன்றிலிருந்து அவள் போனை அடியோடு நிறுத்திவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளைக் கூட்டிப் போய்விடுவான் என்பதே என் நினைப்பாக இருந்தது.

"அப்பா, நீங்க வெளிய போயிருக்கப்போ ஏதாவதுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்? கீழ் ரூமுக்கு வந்துடறேம்பா, வாசல்லயாவது டவர் கிடைக்கும். பயமா இருக்குப்பா," என்றாள் பூரணி.

"மாடியிலதாம்மா காத்து வரும்," என்றேன். அவள் படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை, சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று தாயுமானவருக்கு வாழைத்தார் வைத்துக் கும்பிடப் போனேன். சமையல் செய்யும் பிரான்சி வேலை முடித்துப் போய்விட்டாள். திருட்டுப் பயத்துக்காக வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். சன்னதி வரிசையில் நிற்கும்போது ஆப் சத்தம் கொடுத்தது. நிறுத்திவைத்த போன் மறுபடி சேர முயன்றால் அது என்னிடம் கேட்கும், அனுமதிக்கவா என்று. வேண்டாம் என்று அழுத்தினேன். உடனே மறுபடி கேட்டது. அப்புறமும் விடவில்லை. இந்தத் தடவை படிக்கட்டுத் திருப்பத்துப் பெட்டியிலிருந்து வந்தது. அவள் இறங்கி வருகிறாள் என்று புரிந்தது.

எனக்கு அப்போதே தெரியும், மேடம். புருஷனோடு பேசும் ஆசைக்காக யாரும் அப்படி விடாமல் முயல மாட்டார்கள். அது வலி. ஆனால் அனுமதித்தால் முதல் அழைப்பு அவனுக்குத்தான் போகும். அவன் ஆம்புலன்ஸ் அனுப்புவான், அவன் காப்பாற்றியதாக ஆகும், பிறகு அவள் இந்த வீட்டில் எதற்கு இருப்பாள்? நானே போய்க் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இருந்தாலும் தீபாராதனை முடிந்துதான் கிளம்பினேன். வேண்டுதலுக்குப் போய்விட்டுப் பாதியில் வரக் கூடாது அல்லவா? காவிரிப் பாலத்தில் ஒரே நெரிசல். வீட்டில் அவள் படிக்கட்டுத் திருப்பத்தில், பெட்டிக்கு நேர் கீழே கிடந்தாள். உடம்பில் சூடு இல்லை. குழந்தையும் பிழைக்கவில்லை.

நான்தான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் போனைக் காட்டி நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போகாத அழைப்புகள் அத்தனையும் 'அப்பா' என்ற பெயருக்குத்தான் இருக்கின்றன, அவன் பெயர் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். அவனைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பாள். எனக்குத் தெரியக் கூடாதென்று அழித்திருப்பாள். என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா?