வெண்ணெய்த் தொட்டியில் வளர்ந்த பிள்ளை

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, வேதத்தைக் கரைத்துக் குடித்த போதகர் அவர்களே, தகுதி பார்த்து, தரம் பார்த்து, தலைமுறை பார்த்து முன்வரிசையில் அமர்த்தப்பட்ட மூப்பர் பெருமக்களே, அதே தராசில் எடை குறைந்து பின்வரிசைக் குளிரில் ஒடுங்கியிருக்கும் உடன்பிறப்புகளே, கேட்க அனுமதியும் பேசத் தடையும் ஒருசேரப் பெற்று இடப்பக்கம் வீற்றிருக்கும் தாய்மார்களே, தூங்குகிறவர் தலையில் தட்டுவதற்கென்றே நீண்ட கோலோடு நிற்கும் அண்ணன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த சால்ட்மார்ஷ் ஊரில் பீப்பாய் கட்டிப் பிழைக்கும் யாபேஸின் பணிவான வணக்கம். அண்ணே, கோலைச் சுவரில் சாய்த்துவிடுங்கள். இன்றைக்கு யாருக்கும் தூக்கம் வராது.

என் மனைவி தொற்காள் பொய்ச்சாட்சி சொன்னாள் என்பது குற்றச்சாட்டு. அவளை இனி எந்தப் பிரசவத்துக்கும் அழைக்கக் கூடாது, கசையடியும் கொடுக்க வேண்டும் என்பது மூப்பர்களின் யோசனை. கை தூக்கித் தீர்ப்பளிக்கக் கூடியிருக்கிறீர்கள். கை தூக்கப்போகிறவர்களில் பாதிப்பேருடைய பிள்ளைகளைத் தாயின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்ததே அவள் கைதான். அதற்காக நான் நன்றி கேட்கவில்லை, நியாயம் கேட்கிறேன்.

எதற்காகக் கடல் தாண்டி வந்தோம்? அங்கே அரசன் சொன்ன ஜெபத்தை, ஆயர் சொன்ன நேரத்தில், அவர்கள் சொன்ன விதத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மனம் ஒன்று நினைக்க, வாய் வேறொன்று சொல்ல வைத்தார்கள். அந்த வாய்ப்பொய் வேண்டாம் என்றுதானே வீட்டை விட்டோம், வயலை விட்டோம், பெற்றவர்களின் கல்லறையை விட்டோம்? கப்பலில் புழுத்த ரொட்டியைத் தின்று, செத்த பிள்ளைகளைக் கடலில் போட்டு, இந்தக் கரையில் கால் வைத்தோம். வைத்த பிறகு என்ன செய்தோம்? அதைத்தான் சொல்லப்போகிறேன். தலைவரே, மணற்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். போதகர் பேசும்போது இரண்டு முறை திருப்புகிறீர்கள், எனக்கு ஒரு முறையாவது முழுதாக ஓடட்டும்.

எல்க்கானா என் பட்டறையில் வேலை பார்ப்பவன். சோளம் அறுத்த கையோடு அவனுக்கும் கெத்தூராளுக்கும் கல்யாணம் ஆயிற்று. அடுத்த சோளம் முளை விடும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஊர் விரல் விட்டு எண்ணியது. நம் ஊரில் கணக்குத் தெரியாதவனுக்கும் அந்தக் கணக்கு மட்டும் நன்றாக வரும்.

குழந்தை எப்படி இருந்தது தெரியுமா? அழத் தெம்பில்லை. பால் உறிஞ்ச வாயில் வலுவில்லை. நான் செய்து வைத்திருந்த சின்ன வெண்ணெய்த் தொட்டியில் ஆட்டு ரோமத்தை விரித்து, அதற்குள் படுக்க வைத்து, அடுப்போரம் வைத்துக் காத்தாள் தொற்காள். படுக்க வைத்த பிறகும் தொட்டியில் இடம் மிச்சம் இருந்தது.

கல்யாணமாகி ஒன்பது மாதம் நிறையாமல் குழந்தை பிறந்தால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே தவறினோம் என்று தாயும் தகப்பனும் சபை நடுவே நின்று அழ வேண்டும். அழுதால் மன்னிப்பு. மன்னித்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மூப்பர் இத்தாமார் எல்க்கானாவைத் தேடி என் பட்டறைக்கு வந்தார். நான் பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தேன், சுத்தியலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"ஊர்ல நடக்காததாப்பா? ஒரு ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு நாலு சொட்டுக் கண்ணீர் விடு. முடிஞ்சுது விஷயம்" என்றார்.

"ஐயா, நாங்க அந்தத் தப்பைப் பண்ணலீங்களே" என்றான் எல்க்கானா.

"பண்ணலைன்னா உன்னை எப்படிப்பா மன்னிக்கிறது? பண்ணினவனைத்தான மன்னிக்க முடியும்?"

சிரிக்கிறீர்களா? நானும் அன்றைக்குச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, மனிதர் விளையாடவில்லை. தவறு செய்தவனுக்கு நம் சபையில் வாசல் இருக்கிறது. தவறு செய்யாதவனுக்குச் சுவர்தான் இருக்கிறது. போன வருடம் இதே மூப்பரின் மகன் சேத் இதே இடத்தில் நின்றான். அழுதான், அழகாக அழுதான். மதியமே குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று, மறுநாள் வாத்துக்கறி விருந்து. நானும்தான் போய்த் தின்றேன், கறி நன்றாக வெந்திருந்தது. சேத்தை நான் குறை சொல்லவில்லை. அவன் செய்ததைச் சொன்னான். செய்யாததைச் சொல் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

எல்க்கானா மறுத்ததால் மூப்பர்கள் தொற்காளை அழைத்துச் சத்தியம் வாங்கினார்கள்.

"பிள்ளைக்கு நகம் இருந்துச்சா?" என்று கேட்டார் இத்தாமார்.

"முளைக்கவே இல்லைங்க. மாசத்துக்கு முந்தி வந்த புள்ளைங்க அது."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேங்க. உங்க பேரனுக்கு இருந்துச்சு. கன்னத்தைக் கீறிக்கிடுமேன்னு அன்னிக்கே வெட்டிவிட்டேன்."

இவ்வளவுதான் சொன்னாள். கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அவள் வாயைக் கட்டிப்போட எனக்கும் இத்தனை வருடத்தில் முடியவில்லை. ஆனால் அதில் எது பொய்? முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, தரை எங்கும் போகாது.

அப்புறம் குழந்தைக்குச் சளி கட்டியது. மூச்சு நின்று நின்று வந்தது. தண்ணீர் படாமல் என் பிள்ளை போய்விடுமா என்று கெத்தூராள் துடித்தாள். எந்தத் தாய் துடிக்கமாட்டாள்? புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், சபை நடுவே நின்றாள், நீங்கள் கேட்டதைச் சொன்னாள். எல்க்கானா தலையை மட்டும் ஆட்டினான். அவள் சொன்னது மெய்யா என்று நான் பேசமாட்டேன். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேசினால் அவளுக்கு அடுத்த தண்டனை தயாராகிவிடும். நீங்கள் மன்னித்தீர்கள். பிள்ளைக்குத் தீர்சாள் என்று பேர் வைத்துத் தண்ணீர் தெளித்தீர்கள். தெளித்த தண்ணீரைத் திரும்ப அள்ள எந்த மூப்பராலும் முடியாது.

ஆனால் கணக்கு அத்தோடு நிற்கவில்லையே. தாய் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றால் நகமில்லை என்று சொன்ன மருத்துவச்சி பொய்க்காரிதானே? பாருங்கள் இந்த ஊரின் நேர்மையை. பொய்யைப் பிடுங்கி வாங்கினோம், அந்தப் பொய்யை வைத்து மெய்யைத் தூக்கில் ஏற்றுகிறோம். அந்த அரசனும் ஆயரும் இதைக் கேட்டால் நம்மிடம் பாடம் படிக்கக் கப்பல் ஏறி வருவார்கள்.

அம்மா கெத்தூராள், நீ எழுந்திருக்காதே. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எழப்பார்க்கிறாய், எனக்குத் தெரிகிறது. உட்காரம்மா. இன்று காலை தொற்காள் என்னிடம் பேசியதைக் கேட்டுவிட்டு உட்கார்.

"கோவத்துல எதையும் கொட்டிடாதீங்க. நானே எழுந்து ஒத்துக்கிறேன்" என்றாள்.

"எதைடி ஒத்துக்கப்போற?"

"பொய் சொன்னேன்னு."

"நீ சொல்லலையே தொற்காள்."

"சொல்லலைதான். நான் சொன்னது மெய்யின்னு நின்னா அந்தப் பொண்ணை மறுபடி இழுத்து நிக்க வெப்பாங்க. பயத்துல பால் வத்திரும். இப்பதான் புள்ள நாலு வாய் குடிக்குது."

கொட்டாதீர்கள் என்றாள், கொட்டிவிட்டேன்.

ஆகவே தலைவர் அவர்களே, வாக்கெடுப்புக்கு வேலையில்லை. நான் இறங்கியதும் என் மனைவி இங்கே வந்து நிற்பாள். நீங்கள் விரும்பியதைச் சொல்வாள், விரும்பிய அளவு அழுவாள். அழுதவர்களை மன்னிப்பது உங்கள் வழக்கம், மன்னித்துவிடுவீர்கள். நாளையிலிருந்து பழையபடி பிரசவத்துக்குக் கூப்பிடுவீர்கள், அவளும் வருவாள். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கும். பிள்ளை பிறந்ததும் அவள் அதன் விரலைப் பார்க்கமாட்டாள். விளக்கைத் தூக்கி முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாத தாய்மார்களுக்கும் நன்றி கூறி, வணக்கம் சொல்லி இறங்குகிறேன். தொற்காள், வாம்மா, படி வழுக்கும், பார்த்து ஏறு.