எழுதாத மார்க்கர்

வெள்ளைப் பலகைக்கு மார்க்கர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மூடியை. மூடும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பத்தே நாளில் காய்ந்துவிடும். அடுத்தது முனை. வகுப்பறைக்குப் பட்டை முனை வேண்டும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். வீட்டுக்கு உருண்டை முனை போதும். எழுதி ஒரு வாரம் கழித்துத் துடைத்தாலும் நிழல்கூட மிஞ்சக் கூடாது. மன்னார்குடியில் எங்கள் பள்ளிக்குப் பதினோரு வருடமாக மார்க்கர் தேர்ந்தெடுக்கிறவள் நான்தான். இன்ஸ்பெக்டர் அம்மா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் கணவர் இராஜாங்கம் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். சாக்பீஸ் ஆள். என் வெள்ளைப் பலகையை 'வழுக்குப் பலகை' என்று கிண்டல் செய்வார். சென்ற வருடம் சித்திரையில் பக்கவாதம் வந்து வலக் கையும் பேச்சும் போன பிறகு, அவருக்கு வாய் என்று இருந்தது அந்த வழுக்குப் பலகை ஒன்றுதான். கட்டிலுக்குப் பக்கத்தில், அவருடைய இடக் கைக்கு எட்டும் உயரத்தில், நானே ஆணி அடித்து மாட்டினேன்.

பலகையின் மேல் பாதி மருந்துக்கு, கீழ்ப் பாதி அவர் எழுதுவதற்கு. காலை ஆறரைக்கு நான் சர்க்கரை ஊசி போட்டு, கஞ்சி கொடுத்து, தேதிக்கு நேரே டிக் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். எனக்கு நேரமில்லாத நாளில் கஞ்சி மட்டும் கொடுத்துவிட்டுப் போவேன், டிக் இருக்காது. கூத்தாநல்லூரிலிருந்து எட்டு மணிக்கு வரும் கமருன்னிஸா அதைப் பார்த்துவிட்டு அவளே ஊசி போடுவாள். அவள் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், பிறகு நர்ஸ் உதவியாளர் பயிற்சி முடித்தவள். இன்றைக்கும் நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி, சொந்த மூளையை வீட்டில் வைத்துவிட்டு வா என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நல்ல பெண், மறக்கவில்லை.

பதினான்கு மாதம் நான் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. வேட்டி கசங்கி ஒருவரும் பார்த்ததில்லை. ஆசிரியர் தின விழாவில் எனக்குச் சால்வை போட்டபோது பாதி மேடை கண்ணைத் துடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

இடக் கையால் எழுத அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஆசையோடு காத்திருந்தேன். 'தண்ணி' என்று எழுதினார். சரி, தாகம். அடுத்த நாள் 'நிலா' என்று எழுதினார். தமிழ்நிலா எங்கள் மகள், ஓசூரில் கம்பெனி வேலை. அதற்குப் பிறகு ஃபேன், பேப்பர், முதுகு, நிலா, மறுபடியும் நிலா. என் பெயரில் மூன்றே எழுத்து. ஒரு நாளும் வரவில்லை. பக்கத்திலேயே இருப்பவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த மாசியில் 'நிலா, என்னைக் கூட்டிட்டுப் போ' என்று எழுதினார். துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் வருவதற்கு முன்னால் மறுபடி எழுதி வைத்திருந்தார். அதையும் துடைத்தேன். "உடம்பு முடியாததுல ஏதேதோ எழுதுறீங்க" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, பள்ளியில் ஒதுக்கிப் போட்ட காய்ந்த மார்க்கர்களை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மற்ற நாட்களில் நல்லதையே கொடுத்தேன், தண்ணீர் கேட்க வேண்டுமே. ஞாயிறு மட்டும் காய்ந்தது. அவர் கை பலகையில் போய்ப் போய் வரும், ஒன்றும் விழாது. "அப்பாவுக்குக் கை ஓஞ்சு போச்சும்மா" என்று நிலாவிடம் சொல்வேன். அவள் அந்தப் பக்கம் அழுவாள்.

ஆனியில், பாமணியாற்றில் தண்ணீர் வந்த வாரம், புதன்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது அவர் அதே வரியை எழுதியிருக்கிறார். கமருன்னிஸா நல்லெண்ணத்தில் அதைப் போனில் படம் எடுத்து நிலாவுக்கு அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமே நிலா பேசினாள்.

"அம்மா, சனிக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். அப்பா எங்கூட இருக்கட்டும். நீயும் வந்துடும்மா."

"எனக்கு ஸ்கூல் இருக்கு."

"அப்ப அப்பா மட்டுமாவது வரட்டும். நீ எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ?"

கஷ்டம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினான்கு மாதம் நான் குளிப்பாட்டிய உடம்பை அவள் ஒரு பகலில் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். கடைசியில் மகள்தானே வந்து பார்த்தாள் என்று தெரு பேசும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஊசி போட்டேன். கஞ்சி கொடுக்கவில்லை. அவர் பார்க்கும்படி டிக் போட்டேன். பிறகு அவர் பார்க்கும்படியே அதைத் துடைத்தேன். அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கையில் ஒரு மார்க்கரைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

கமருன்னிஸா வந்தாள், டிக் இல்லை, ஊசி போட்டாள். சார் பலகையில் அவசரமாக ஏதோ எழுதினார், ஒன்றும் விழவில்லை, பிறகு தூங்கிவிட்டார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பத்து மணிக்கு என்னைப் போனில் கூப்பிட்டு, சாரை எழுப்ப முடியவில்லை என்றாள். இதோ வருகிறேன், அதுவரை யாரையும் கூப்பிடாதே என்றேன். பாடத்தைப் பாதியில் விடாமல் மூன்றாம் பீரியடை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் போனபோது மூச்சு இல்லை. டாக்டரை அழைத்து வரக் கமருன்னிஸாவை அனுப்பினேன். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கைப்பையிலிருந்து புது மார்க்கரை எடுத்து, இடக் கையால், அவர் எழுத்துப்போலவே கோணலாக எழுதினேன்: 'மாலதி என்னைக் குழந்தையா பாத்துக்கிட்டா.'

துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நிலா படம் எடுத்தாள். அவருடைய பழைய மாணவர்கள் அந்த வரியை அப்படியே, அவர் எழுத்திலேயே, கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரிதாக அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று அழுத அழுகையில் பலகையைப் பார்க்காத கமருன்னிஸா, ஐந்தாம் நாள் படத்திறப்புக்கு பஸ்ஸில் வந்து இறங்கியதும் பேனரைப் பார்த்திருக்கிறாள். நேரே வந்து, நிலா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டாள்.

"டீச்சர், சார் எப்ப அத எழுதுனாங்க? அன்னைக்கு அவங்க கையில இருந்த மார்க்கர் எழுதவே இல்லையே. நானே உள்ளங்கையில கிறுக்கிப் பாத்தேன். டாக்டரக் கூப்பிடப் போறப்பகூட போர்டுல கீழ்ப் பாதி வெறுமையாத்தான் இருந்துச்சு."

நிலா என்னைப் பார்த்தாள். அவள் அப்பா பார்த்த மாதிரியே இருந்தது. அன்றே உங்களிடம் புகார் கொடுத்தாள்.

இரண்டு நாளாகக் கமருன்னிஸா உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் "என் கையாலதானே ஊசி போட்டேன்" என்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு ஊசியை நான் போட்டுவிட்டு, இன்னொன்றை அவளைப் போட வைத்தேன். பட்டினி போட்டதும் நான். வேண்டாம் என்று அவர் எழுத முடியாமல் செய்ததும் நான். கொலை என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். பேனரில் இருக்கும் வரி பொய் என்று நிலா புகாரில் சொல்லியிருக்கிறாள். அது பொய் அல்ல. இன்னும் ஒரு மாதம் என்னோடு இருந்திருந்தால் அவரே எழுதியிருப்பார். வரி அவருடையது, கை மட்டும்தான் என்னுடையது.