குவைத்துக்குப் போன ராஜா

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கூத்துக்காரர்கள். பெண்வேஷம் கட்டுகிறவனின் காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை.

“சிரிக்கிற எடத்துல அழுவுறாங்கண்ணா,” என்றான்.

பெரியவர் எரிந்து விழுந்தார். “சண்டைக்குப் போன ராஜா பிச்சைக்காரனாட்டம் திரும்பி வருவான். ராணி அடையாளம் தெரியாம தொடப்பத்தால சாத்துவா. ஊரே சிரிச்சிக்கினு இருந்துச்சி. இந்தக் காலத்துக்கு மாத்தறேன்னு நீதானடா ராஜாவ குவைத்துக்கு அனுப்புன?”

“தொடப்பத்த ஓங்குனேண்ணா. ஒரு பொம்பள மேடையேறி வந்து என் கையப் புடிச்சிக்கினா. ‘அடிக்காதம்மா, உன் வூட்டுக்காரன் திரும்பியாவது வந்தானே’ன்னா.”

பெரியவர் துண்டால் அவன் காதோரத்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டார்.

“நாளைக்கு ஆட்டத்துக்கு என்னண்ணா பண்றது?”

“பழைய ராஜாவே வரட்டும். ராஜா பொண்டாட்டிங்க யாரும் நம்ம கூத்துப் பாக்க வர்றதில்ல.”