முதல் விடை தவறென்று எழுதிவைத்த எங்கள் தலைமைப் பாடாசிரியருக்கு

ஊரகக் கடன் இணையப் பாடநூலகத்தின் உயிர்நாடியே! வட்டியென்னும் வறண்ட பொருளையும் வாய்விட்டுச் சிரித்துக் கற்கும்படி வடித்தளித்த வித்தகரே! முகம் காணாக் களப்பணியாளர் பல்லாயிரவர்க்கு முதற்குரலாய், முன்னேராய், அவர்கள் வாயால் 'போன் அக்கா'வாய் விளங்கிய எங்கள் தலைமைப் பாடாசிரியர் அம்மையே! பணிநிறைவு பெறும் தங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

இவ்விழாவில் வாசிக்கும் இம்மடலை எழுதும் பொறுப்பு வினாப் பிரிவில் வேலைபார்க்கும் என் தலையில் விழுந்தது. "சுருக்கமா நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, பழசையெல்லாம் கிளற வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார் இயக்குநர். தங்களைப் பற்றி நல்லதாக எழுதப் புகுந்தால், பழசைக் கிளறாமல் முதல் வரிக்கு அப்பால் நகர முடியவில்லை. ஆகவே கிளறியே எழுதியிருக்கிறேன். எழுதிய கை ஒன்று. சொல்லும் வாய் எங்கள் எல்லோருடையதும்.

கற்பிப்போர் திலகமே! சாத்தினாலும் மூடாத சன்னலும், சாலையோரத்துப் பேருந்து இரைச்சலும் வாய்த்த இந்த மாடியறையில், இரைச்சல் பதிவில் விழக்கூடாதென்று மேசைக்கடியில் புகுந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடம் பேசினீர்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "எப்படிப்பா, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இல்லையே?" என்று கேட்பீர்கள். குழுக்கடனும் குறுந்தவணையும், பயிர்க்காப்பும் பால்மாட்டுக் கடனும் அந்தப் போர்வைக்குள் பிறந்து கைப்பேசி எட்டும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாடங்களைக் கேட்டு, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழ் பெற்றால்தான் களப்பணியாளருக்கு வேலை நிரந்தரம். அவர்கள் பிழைப்பு தங்கள் குரலில் தொங்கியது என்றாலும் மிகையில்லை.

வினா அமைப்பதில் தாங்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. நான்கு விடைகளில் முதலாவது எப்போதும் கோமாளி விடை. கோழி வளர்க்கக் கடன் கேட்பவருக்கு யார் பிணை என்று வினவினால், முதல் விடை 'சேவல்' என்றிருக்கும். "நாள்பூரா வெயில்ல அலைஞ்சுட்டு வந்து படிக்கிறவங்கப்பா, கொஞ்சம் சிரிச்சுக்கட்டும்" என்பீர்கள். சிரித்தார்கள். எழுதிய நாங்களும் சிரித்தோம்.

இனி எழுதுவது சிரிப்பதற்கில்லை.

தவணை தவறியவரை அணுகும் முறை பற்றிய பாடம் அது. குழுவில் ஒருவர் பணம் கட்டவில்லை. அலுவலர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது வினா. காரணத்தைக் கேட்பது என்பது இரண்டாம் விடை, அதுவே சரி. முதலாவது, வழக்கம்போல் கோமாளி: வாசலில் பாயை விரித்து, பணம் வரும்வரை வீட்டாரில் ஒருவரையும் வெளியே விடாமல் உட்கார்ந்துகொள்வது. நூலகத்தைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, அந்த ஒரு பாடத்தில் மட்டும் சரியான விடைக்குரிய குறி அழிந்துபோயிற்று. குறியில்லாத வினாவுக்கு முதல் விடையே சரி என்று எடுத்துக்கொள்வது அந்தக் கணினியின் குணம். கோமாளி அன்றைக்கே சட்டமாகிவிட்டான்.

காரணம் கேட்பேன் என்றவர்கள் தோற்றார்கள். மறுபடி முயன்று, மறுபடி தோற்று, கடைசியில் முதல் விடையைத் தொட்டுத் தேர்ச்சி பெற்றார்கள். சிலர் சலித்துப்போய்த் தொட்டார்கள். சிலர் மேலிடத்து உத்தரவே மாறிவிட்டது என்று நம்பித் தொட்டார்கள். ஒருவரும் நம்மைக் கேட்கவில்லை. தேர்ச்சிக் கணக்கு குறையாததால் இங்கும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த களப்பணியாளர் ஒருவர், அந்தச் சான்றிதழின் மை காயுமுன் ஒரு தையற்காரப் பெண்ணின் வாசலில் போய் உட்கார்ந்தார். அவள் கடன் தம் தலையில் விழுமோ என்று பயந்து, குழுவின் மற்றப் பெண்களும் அவரோடு உட்கார்ந்தார்கள். உள்ளே அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "வண்டி கூப்பிடணும் சார், கொஞ்சம் வழி விடுங்க" என்று அவள் கெஞ்சியதைச் சாக்கு என்று நினைத்தார் களப்பணியாளர். அவர்கள் எழுந்து வழிவிட்டபோது வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வேலையும் போய், வழக்கிலும் மாட்டிய அந்தக் களப்பணியாளர், பாடத்தின் கீழிருக்கும் ஐயப் பெட்டியில் எழுதினார்: "போன் அக்கா, நீங்க சரின்னு சொன்னதைத்தானே நான் செஞ்சேன்? இங்க எல்லாரும் என்னை மிருகம்ங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்கக்கா." மதியச் சாப்பாட்டின் நடுவே அதைப் படித்தீர்கள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினீர்கள். கை காயக்காய அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

அறத்தின் உருவே! பிழை இயந்திரத்தினுடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆயிரம் வழி இருந்தது. தாங்களோ மறுநாளே நம் ஓட்டுநர் அண்ணனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் நின்றீர்கள். நடந்ததை அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். "தப்பு எங்க மேலதான்மா. அந்த விடையைச் சிரிப்புக்காக எழுதினது நான்" என்றீர்களாம். ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றதாம். "சிரிப்புக்கா?" என்று கேட்டாராம் அந்த அம்மா. பிறகு சொன்னாராம்: "வந்து அழுதுட்டுப் போறது சுலபங்க. கோர்ட்டுல உங்க ஆளுங்க, அப்படி ஒரு பாடமே இல்லைங்கறாங்க. இருந்துச்சுன்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுமா?"

எழுதினீர்கள். விடையைத் திருத்தியதோடு, பாடத்தின் தலையிலேயே மூன்று வரி வைத்தீர்கள். இங்கே முன்பு தவறான விடை சரியென்று காட்டப்பட்டது. அதை நம்பியதால் ஒரு வீட்டில் ஓர் உயிர் போயிற்று. பொறுப்பு எங்களுடையது.

இயக்குநர் ஓடி வந்தார். "விடையை மாத்துங்க, யாரு வேண்டாங்கறா? அந்த மூணு வரியை எடுத்துடுங்க மேடம். நிறுவனத்தோட மானம் போகுது." "உயிரே போயிடுச்சு சார்" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று தங்கள்மீது தொடங்கிய விசாரணை இன்னும் முடியவில்லை. பணிநிறைவு விழாக்களில் ஓய்வூதிய ஆணையை உறையிலிட்டுக் கையில் கொடுப்பது முறை. இன்று உறை இல்லை. மூன்று வரியை நீக்கினால் மாலைக்குள் ஆணை வரும் என்று நேற்று வரை தூது வந்தது எங்களுக்குத் தெரியும். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டு மாடியறைக்குப் போகிறீர்கள் என்பதும் தெரியும். எங்களுக்கு வயிறு எரிகிறது அம்மையே!

எழுதியவர் பணியிலிருக்கும்வரை அவர் இசைவின்றி வேறெவரும் பாடத்தில் கைவைக்கலாகாது என்பது நூலக விதி. அந்தக் காவல் இன்று மாலை தங்களோடு வெளியேறுகிறது. நாளை அலுவலகம் திறந்ததும் அவ்வரிகளை நீக்குமாறு எனக்கு உத்தரவு வந்துவிட்டது. நான் நீக்கமாட்டேன். உத்தரவு அடுத்த மேசைக்காரருக்குப் போகும். அவரும் மறுத்தால் வெளியாளை வைத்து நீக்குவார்கள். வரிகள் போகத்தான் போகின்றன. பொய் சொல்லித் தங்களை வழியனுப்ப மனம் ஒப்பவில்லை.

ஆதலால், குணநலன்களைப் பாடவேண்டிய இவ்விடத்தில் இதை எழுதுகிறோம். அப்பாடம் இருந்தது. அதில் முதல் விடையே சரியென்று காட்டப்பட்டது. ஐயப் பெட்டியில் அந்தக் கேள்வி வந்த அன்று, தங்கள் திருத்தத்திற்கு முன், எங்கள் கண்ணால் கண்டோம். அதைத் தேர்ந்தவர்களுக்கே சான்றிதழ் கொடுத்தோம். அந்தக் களப்பணியாளரின் சான்றிதழும் எங்கள் பிரிவிலிருந்தே போயிற்று. எந்த மன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்கள் இதை இப்போதுதான் கேட்கிறார். ஒப்புதலுக்கு அவரிடம் காட்டிய படியில் இந்தப் பகுதி இல்லை. இம்மடலின் கையொப்பமிட்ட படி ஒன்று காலையிலேயே அந்த அம்மாவின் வழக்கறிஞரிடம் சேர்ந்துவிட்டது. எங்களில் சிலர் கையொப்பமிடவில்லை. அவர்களுக்கும் குடும்பம் குட்டி உண்டு. ஒருவரும் அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். இட்டவர்களுக்கு நாளை வேலை இருக்குமா என்பது தெரியாது. நேற்று இரவெல்லாம் எங்கள் வீடுகளில் சண்டை.

நல்லதோர் ஓய்வை நாடி நடக்கவேண்டிய தங்களுக்கு நாங்கள் நேரும் வாழ்த்து தன்னலமானது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வழக்கறிஞர். நாங்கள் பார்த்ததைச் சொல்லலாம். அதை எழுதியவர் தாங்கள், முதற்சாட்சியும் தாங்களே. பல்லாண்டு வாழ்க, பார்புகழ வாழ்க என்றெல்லாம் எழுதி அடித்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. தீர்ப்பு வரும்வரை செத்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
கையொப்பமிடத் துணிந்த
வினாப் பிரிவினர், படம் வரைவோர், ஒலிப்பதிவாளர், ஓட்டுநர்