கொலையுண்டவன் வீட்டுக்கும் வந்த திரிபுரசுந்தரி அம்மையாருக்கு

நன்னடத்தை அலுவலராய்க் கரையோர ஊர்களையெல்லாம் கால்நடையாகவே அறிந்தவரே! குற்றம் செய்த பிள்ளையின் குடிசைக்குள்ளும் குனிந்து நுழைந்தவரே! பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏசியதையும் எழுந்து போகாமல் கேட்டவரே! வணக்கம்.

பணி நிறைவு மடல் எழுதித் தரும்படி உங்கள் அலுவலகத்தார் என்னைக் கேட்டார்கள். 'கருணைக் கடலே' என்று தொடங்கச் சொன்னார்கள். கடலை நம்பிப் பிழைக்கும் நான் அதைக் கருணை என்று எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்தூர் சந்திரா நான். படகு அணையும் இடத்தில் நடந்த வாய்ச்சண்டையில் என் மகன் சிவபாலனை மீன் வெட்டும் கத்தியால் குத்திக் கொன்றான், அவனுடைய சிநேகிதன். கொன்றவனுக்கு அப்போது வயது பதினாறு. அவன் பெயரைச் சொல்லச் சட்டம் விடாது. இந்த அவையில் நானும் சொல்ல மாட்டேன்.

அவனைப் பெரியவர்களைப் போல விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்றது ஊர். பஞ்சாயத்து அவன் வீட்டை விலக்கி வைத்தது. அவன் தாயின் மீன்கூடைப் பக்கம் யாரும் போகவில்லை. இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தர விசாரித்து வந்த நீங்கள், என் வீட்டுக்கும் வந்தீர்கள். குடிக்கத் தண்ணீர்கூட நான் தரவில்லை. அவனைத் தூக்கில் போடச் சொன்னேன். உங்களையும் ஏசினேன். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க கோவத்த அப்படியே எழுதிக்கிறேம்மா. அந்தப் புள்ளயப் பத்தித் தெரிஞ்சதையும் சொல்லுங்க. ரெண்டும் நெசந்தானே."

தெரிந்தது நிறைய. என் மகனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் அவன். குடித்துவிட்டு அப்பன் துரத்தும்போதெல்லாம் எங்கள் வலைக்கொட்டகையில் வந்து படுப்பவன். சொன்னேன். இரண்டையும் எழுதினீர்கள். குழுமம் அவனைச் சிறுவனாகவே விசாரித்து, மூன்றாண்டு சிறப்பு இல்லத்தில் வைத்தது.

அன்று முதல் உங்களுக்கும் வசை, எனக்கும் வசை. "பெத்தவதானா நீ?" என்று மீன் ஏலத்தில் எல்லோர் எதிரிலும் கேட்டார் ஊர்த்தலைவர் ஐயனார். நான் நேரே அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் ஒரு கூறு மத்தி மீன் வாங்கினேன்.

ஐயனார் அண்ணன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கேட்கட்டும். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்பது என் சொந்தக் காரியம். பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரிய சிறையில் தள்ளி, அங்கிருப்பவர்களை அவனுக்கு வாத்தியார்களாக்குவது நியாயமாகாது. அப்படி வளர்ந்து வருகிறவன் இன்னொருத்தி வீட்டுக்குச் சாவைக் கொண்டுபோவான். என் மகன் பெயரைச் சொல்லி அந்தத் தண்டனையைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாண்டு முடிந்து அடுத்த மாதம் அவன் வருகிறான். ஊருக்குள் விட மாட்டோம் என்கிறார்கள். நீங்கள் பணியில் இருந்தால் நீங்களே அழைத்து வருவீர்கள். இனி அது என் வேலை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். என் வாசலைத் தாண்டித்தான் அவன் தன் வீட்டுக்குப் போக வேண்டும். தடுக்க நினைப்பவர்கள் முதலில் சிவபாலனின் தாயைப் பிடித்துத் தள்ளட்டும்.

அம்மையே! முட்டிவலி நீங்கி, உறவு சூழ, நெடுங்காலம் நலமாக வாழுங்கள். அவன் வரும் அன்றைக்கு முடிந்தால் வாருங்கள். உங்களுக்குத் தேநீர் வைத்திருப்பேன். அவனுக்கு வைப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

நன்றியுடன்,
உங்கள் அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்கள் கேட்க எழுதி வாசித்த சி. சந்திரா, மண்டபத்தூர்